அம்மாவின் சர்க்கரை நோட்டும் மூன்று இரவுக் கப்பல் பயணமும்

2021 மார்ச் பள்ளி விடுமுறையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மூன்று இரவு கப்பலில் போய்வந்தோம். கொவிட் இன்னும் ஓயாத நேரம். அம்மாவுக்கு அப்போது 72 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். "இந்த நேரத்திலா வயசானவங்களைக் கப்பல் ஏத்துறே?" என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. ராத்திரி தூக்கம் வராமல் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சிங்கப்பூரில் அங் மோ கியோவில் எங்கள் வீடு. அப்பா 2018இல் போய்விட்டார். அதன்பின் அம்மா எங்களோடுதான். 2020 ஏப்ரல் 7இல் தொடங்கி ஜூன் 1 வரை சர்க்கிட் பிரேக்கர் என்று எல்லாரும் வீட்டுக்குள் இருந்தோமே, அந்த எட்டு வாரத்தில் அம்மா வாசலைத் தாண்டவில்லை. கட்டுப்பாடு தளர்ந்த பிறகும் அவருக்கு வெளியே போகத் தோன்றவில்லை. கோயில் இல்லை, தெக்கா சந்தை இல்லை, அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உட்கார்ந்து பேசும் சிநேகிதிகளும் இல்லை. பேச்சு குறைந்தது. நடை குறைந்தது. சர்க்கரை ஏறியது. உடம்புக்கு வரும் ஆபத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு வீட்டிலேயே வைத்திருந்தால், இன்னொரு பக்கம் அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிறார் என்பது எனக்குக் கண்கூடாகத் தெரிந்தது.

ஒருநாள் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். தூரத்தில் வரிசையாக நங்கூரமிட்டு நின்ற கப்பல்களை எண்ணிக்கொண்டே வந்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், "இன்னொரு தடவை கப்பல்ல போகணும்னு இருக்கு" என்றார். அவ்வளவுதான், மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் எனக்கு அது மனதில் தங்கிவிட்டது. அம்மா இந்த ஊருக்கு வந்ததே கப்பலில்தான். 1969இல், கல்யாணமான நான்காம் மாதம், நாகப்பட்டினத்தில் படகில் ஏறி, கடலில் தள்ளி நின்ற ரஜூலா கப்பலுக்குப் போய், மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கு வழியாக வந்து சேர்ந்தார்.

அப்போது சிங்கப்பூரில் எங்கும் இறங்காத கப்பல் பயணங்கள் மட்டும் நடந்துகொண்டிருந்தன. புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பி வந்துவிடும். 2020 நவம்பர் 6இல் வேர்ல்ட் டிரீம் கப்பல் முதலில் கிளம்பியது, டிசம்பரில் குவாண்டம் ஆஃப் தி சீஸ். இங்கே வசிப்பவர்கள் மட்டும்தான் போகலாம், பாதிப் பேரைத்தான் ஏற்றலாம், ஏறுவதற்கு முன் பரிசோதனை கட்டாயம். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், கப்பல் சொந்தத் துறைமுகத்தைவிட்டு அதிக தூரம் போவதில்லை. 2020 பிப்ரவரியில் வெஸ்டர்டாம் என்ற கப்பலை ஒரு துறைமுகமும் சேர்த்துக்கொள்ளாமல் அது கடலில் அலைந்து, கடைசியில் கம்போடியா இடம் கொடுத்ததே, அந்த நிலை நமக்கு வராது என்று நம்பினேன்.

ஆனால் மனதை அரித்தது வேறொரு கப்பல். டயமண்ட் பிரின்சஸ். அதே பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் 3,711 பேரோடு நிறுத்தி வைக்கப்பட்டு, 712 பேருக்குத் தொற்று வந்தது. அதில் 138 இந்தியர்கள் இருந்தார்கள், 132 பேர் ஊழியர்கள். அந்தச் செய்திகளையெல்லாம் மறுபடி தேடிப் படித்தேன். பயத்தைக் கூட்டிக்கொள்ள இல்லை. அங்கே மாட்டிக்கொண்டவர்களுக்கு உண்மையில் எது குறைந்துபோனது என்று தெரிந்துகொள்ளத்தான். முக்கியமாக மருந்து. ஒரு வாரத்துக்கு, பத்து நாளுக்கு என்று அளவாக எடுத்துவந்த வயதானவர்களின் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் தீர்ந்துபோய், ஆயிரக்கணக்கானவர்களுக்கு மருந்து கொண்டுசேர்ப்பதே பெரிய பாடாக இருந்திருக்கிறது. அடுத்தது காற்று. ஜன்னல் இல்லாத உள் அறைகளில் இருந்தவர்கள், தளத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நடக்க முறை வைத்துக் காத்திருந்தார்கள்.

அந்த ராத்திரி என் யோசனையின் போக்கே மாறியது. அதுவரை "தொற்று வருமா, வராதா" என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "அறைக்குள் அடைத்துவிட்டால் அம்மாவால் 14 நாள் தாக்குப்பிடிக்க முடியுமா?" என்ற கேள்விக்கு நானே பதிலை உண்டாக்க முடியும். முடியும் என்று ஆனால் போகலாம், இல்லையென்றால் வேண்டாம். அம்மாவிடம் சொன்னேன், சரி என்றார்.

இன்னொரு செய்தியும் எங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. 2020 டிசம்பரில் குவாண்டம் ஆஃப் தி சீஸ் பயணத்தில் 83 வயதுப் பெரியவர் ஒருவர் வயிற்றுப்போக்கு என்று கப்பல் மருத்துவரிடம் போனார். பரிசோதனையில் தொற்று என்று வந்தது. 1,680 பயணிகளும் அறைக்குள் போய்விட, 1,148 ஊழியர்களோடு கப்பல் ஒருநாள் முன்னதாகவே திரும்பிவிட்டது. கரையில் மறுபடி பரிசோதித்தபோது அவருக்குத் தொற்றே இல்லை என்று தெரிந்தது. நிறைய பேர் இதைக் கேட்டுவிட்டுப் பயந்தார்கள். எனக்கு நேர்மாறாகத் தெம்பு வந்தது. ஒரே ஒருவருக்குச் சந்தேகம் என்றதும் மொத்தக் கப்பலையும் திருப்பினார்கள் அல்லவா?

முதலில் தடுப்பூசி. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஜனவரி 27இல் தொடங்கியபோது எங்கள் வட்டாரமும் தஞ்சோங் பகாரும்தான் முதலில். அம்மாவுக்கு பிப்ரவரி முதல் வாரம் ஓர் ஊசி, 21 நாள் கழித்து அடுத்தது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு இரண்டு வாரமாவது போகட்டும் என்று நாள் குறித்தோம். பயணச்சீட்டு மலிவாகக் கிடைத்த வாரத்தை விட்டுவிட்டோம், அதற்காக இன்றுவரை வருத்தமில்லை. ஊசி போடும்போது தாதி அம்மாவின் ஜாக்கெட் கையை மேலே ஒதுக்கினார். தோளுக்குக் கீழே வட்டமாக, காசளவுக்கு, நடுவில் சுருங்கின தோலோடு அம்மை குத்திய தழும்பு. "இது கப்பல் ஏறுறதுக்காக மறுபடி குத்தினது" என்றார் அம்மா. அம்மை குத்திய சீட்டு இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் கப்பலில் ஏற்றமாட்டார்களாம். புது ஊசி அந்தத் தழும்புக்கு ஒரு விரல் மேலே இறங்கியது.

அடுத்து டாக்டர். போகலாமா என்று மட்டும் கேட்டால் "பார்த்து நடந்துகொள்ளுங்கள்" என்றுதான் பதில் வரும். நான் ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். வாந்தி வந்தால் எந்த மாத்திரையை நிறுத்துவது? சாப்பிடவில்லை என்றால் இரவு இன்சுலினை எவ்வளவு குறைப்பது? சர்க்கரை எந்த எண்ணுக்குக் கீழே போனால் உடனே ஆளைக் கூப்பிடுவது? பலதுறை மருந்தகத்து (பாலிகிளினிக்) டாக்டர் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதிக் கொடுத்தார். பேதி அதிகமானால் அம்மா மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டும், இன்சுலினைத் தானாக நிறுத்தவே கூடாது, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும் என்றார். இது அம்மாவின் உடம்புக்குச் சொன்னது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு வேறாக இருக்கலாம், அவருடைய டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள் எங்களுக்கு எவ்வளவு உதவியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்று இரவுப் பயணத்துக்கு மூன்று வார மருந்து எடுத்தோம். என் கணவர்கூட, "அத்தை, மருந்துக்கடையே வைக்கலாம் போலிருக்கே" என்றார். அம்மா அசையவில்லை. எல்லாவற்றையும் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைத்தார். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அவை அறைக்கு வந்துசேர நேரமாகிவிடும். அதற்குள் ஒருவேளை மாத்திரை தப்பிவிடும். இன்சுலினுக்கு இன்னொரு கவலை. அறையில் இருக்கும் சின்னக் குளிர்பெட்டி பல கப்பல்களில் பானத்தைச் சில்லென்று வைக்கத்தான் ஆகும், மருந்துக்கு வேண்டிய 2 முதல் 8 டிகிரி அளவில் நிற்கும் என்று நம்ப முடியாது. முன்கூட்டியே எழுதிக் கேட்டதில் மருத்துவப் பயன்பாட்டுக்கென்று தனிக் குளிர்பெட்டி ஒன்றை அறையில் வைத்துக் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. கேட்டால்தான் கிடைக்கும், அவ்வளவுதான். திறந்து பயன்படுத்தும் பேனா வெளியே, அறை வெப்பத்திலேயே சுமார் நாலு வாரம் தாங்கும். அதை மருந்துக்கடையில் உறுதிப்படுத்திக்கொண்டோம்.

அறையைத் தேர்ந்தெடுத்ததில் நான் காசு பார்க்கவில்லை. அம்மாவுக்குப் பால்கனி உள்ள அறை, கப்பலின் நடுப்பகுதியில், ரொம்ப மேலே இல்லாத தளத்தில். நடுவில் கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு, தலைசுற்றலும் குறைவு. அதைவிட முக்கியம், அடைத்துவைத்தால் கதவைத் திறந்து கடல்காற்று வாங்கலாம். வேறு செலவைக் குறைத்தாவது பெரியவர்களுக்கு இதைச் செய்யுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன்.

காப்பீட்டில் ஏறக்குறைய ஏமாந்திருப்போம். முதலில் எடுத்த திட்டத்தில் கப்பல் பயணம் என்று பெரிதாகப் போட்டிருந்தது. உள்ளே படித்தபோதுதான், ஏற்கெனவே இருக்கும் நோயால் வரும் செலவுக்குப் பொறுப்பில்லை என்றிருந்தது. இருபது வருடச் சர்க்கரைக்காரருக்கு அந்தக் காப்பீடு எதற்கு? அதை விட்டுவிட்டு, நோயைச் சொல்லி, கூடுதலாகக் கட்டி வேறு எடுத்தோம்.

புறப்படுவதற்கு மூன்று நாள் முன் ஐந்து பேருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை. என் ஒன்பது வயது மகள் அழுதுவிட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டிக்கு முதல்ல எடுக்கட்டும், நீ எண்ணு" என்றார். அவள் எண்ணினாள், ஏழு வரை வந்தது. தன் முறை வந்தபோது ஏழு வரை எண்ணிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மரினா பே கப்பல் முனையத்தில் சாயங்காலம் ஏறினோம். எல்லார் கையிலும் டிரேஸ்டுகெதர் டோக்கன், யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்று பதிவுசெய்யும் சின்னக் கருவி. சாப்பிடும்போது தவிர எப்போதும் முகக்கவசம். பஃபேயில் நாமே அள்ளிக்கொள்ள முடியாது, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஊழியர் எடுத்துவைப்பார். அது எனக்கு ரொம்பவும் நிம்மதியாக இருந்தது. கரண்டி பல கை மாறுவதுதான் கப்பல்களில் வயிற்று நோய் பரவ ஒரு காரணம். கொவிட்டுக்கு முன்பிருந்தே கப்பல்களைப் பாடாய்ப் படுத்தும் நோரோவைரஸுக்குக் கைக்கிருமிநாசினி சரியாக வேலை செய்யாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவினால்தான் போகும். பிள்ளைகளிடம் அதை மட்டும் கறாராகச் சொல்லியிருந்தேன்.

கப்பல் நகர்ந்ததும் அம்மாவைப் பால்கனியில் உட்காரவைத்தேன். நகர விளக்குகள் பின்னால் போயின. கொஞ்ச நேரத்தில் கரும்பச்சையாகச் சில தீவுகள் தெரிந்தன. "அதுல எது செயின்ட் ஜான்ஸ்?" என்று கேட்டார். காட்டினேன். 1874 முதல் அங்கே தனிமைப்படுத்தும் நிலையம் இருந்தது. கப்பலில் வந்த கூலிகளையும் மக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர்களையும் அங்கே இறக்கி, நாள் கணக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குள் விடுவார்கள். 1930களில் அம்மாவின் அப்பா, என் தாத்தா, முதன்முதலில் சிங்கப்பூருக்கு வந்தபோது கால் வைத்த மண் அதுதான். "துணியெல்லாம் வாங்கி ஆவியில வேகவச்சுக் கொடுத்தாங்களாம். அந்த வாசனை மாசக்கணக்குல போகலைன்னு சொல்வார்" என்றார். தீவு மறையும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வருடத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

முதல் நாள் நன்றாகப் போனது. இரண்டாம் இரவு இரண்டு மணிக்குக் கழிவறை விளக்கு எரிவதைப் பார்த்து விழித்தேன். அம்மா நாலாவது தடவை போய்வந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, பேதி மட்டும்.

அந்த நிமிடத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த இடத்தில் இருக்கும் எல்லாருக்கும் இதுதான் ஓடும். என்னிடம் பேதியை நிறுத்தும் மாத்திரை இருந்தது. கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் பாதுகாப்பு உடையில் ஆள் வரும், அறையை மூடுவார்கள், அந்த டிசம்பர் கப்பல்போல எல்லாரையும் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள், எத்தனை குடும்பத்தின் விடுமுறை நம்மால் கெடும் என்றெல்லாம் தோன்றியது. போனைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே நின்றேன்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "சொல்லிடும்மா. மறைக்காதே" என்றார். பிறகு படுத்தபடியே மெதுவாகச் சொன்னார். தாத்தா வந்த கப்பலில் ஒரு குடும்பம் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்ததை மறைத்துவிட்டார்களாம். துணிமூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்து, மேலே சேலை போட்டு மூடி வைத்திருந்தார்களாம். பினாங்கு தாண்டிய பிறகுதான் வெளியே தெரிந்தது. வழக்கமாகச் சில நாளில் முடிய வேண்டிய தீவு வாசம் அதனால் வாரக்கணக்கில் நீண்டது. "அந்தத் தாயை யாரும் திட்டலைன்னு தாத்தா சொல்வார். பயத்துல செஞ்சது. ஆனா பக்கத்துல படுத்திருந்த ரெண்டு பிள்ளைங்களுக்கும் வந்துடுச்சு."

நான் மருத்துவ எண்ணை அழைத்தேன்.

பத்து நிமிடத்தில் இரண்டு பேர் தலை முதல் கால்வரை மூடிய உடையில் வந்தார்கள். பிரஷர், காய்ச்சல், மூக்கில் குச்சி. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சர்க்கரை எவ்வளவு?" அம்மா தலையணைக்கு அடியிலிருந்து தன் நோட்டை எடுத்துக் கொடுத்தார். அது ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டு. நீல மை, தமிழில் தேதி, நேரம், எண். கடைசி வரியில் "இரவு 2.20 – 4.8" என்றிருந்தது. எனக்கே தெரியாமல், முதல் தடவை எழுந்தபோதிலிருந்து அவர் பார்த்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். மாலை 9.1, பதினொன்றரைக்கு 6.7, இப்போது 4.8. (சிங்கப்பூரில் மில்லிமோல் கணக்கு, 18ஆல் பெருக்கினால் இந்தியக் கணக்கு.) இறங்கிக்கொண்டே வருகிறது என்பது அந்த மூன்று எண்ணிலேயே தெரிந்துவிட்டது. நான் டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை நீட்டினேன். அதையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மெட்ஃபார்மினை நிறுத்தச் சொன்னார், சர்க்கரை கலந்த பானம் கொடுக்கச் சொன்னார். ராத்திரி இரண்டரை மணிக்கு முன்பின் தெரியாத ஒரு டாக்டருக்கு இருபது வருட நோயை விளக்க எனக்கு வாய் வந்திருக்காது.

ஆனால் எங்கள் ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. இரண்டு அறைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்று முன்பதிவு செய்து கொடுத்தவர் சொல்லியிருந்தார். ஏறிப் பார்த்தால் ஒரே தளத்தில் பதினோரு கதவு தள்ளி இருந்தது. அங்கே கணவரும் மகனும், இங்கே அம்மாவும் நானும் மகளும். இங்கே இடம் நெருக்கடி என்று, தினசரி வேண்டாத மருந்துப் பையை அந்த அறையில் வைத்திருந்தேன். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் எல்லாம் அதில். பரிசோதனை முடிவு வரும்வரை இரண்டு அறையிலிருந்தும் யாரும் வெளியே வரக் கூடாது என்றுவிட்டார்கள். பதினோரு கதவு தள்ளி இருக்கும் பை, வேறு ஊரில் இருப்பதுபோல ஆகிவிட்டது. ஊழியர் ஒருவர் அதை வாங்கிவந்து கதவுப் பிடியில் மாட்டிவிட்டுத் தட்டும்போது நாற்பது நிமிடம் போயிருந்தது. அதுவரை குளிர்பெட்டியில் இருந்த ஆரஞ்சு ஜூஸைத் தண்ணீர் கலந்து மடக்கு மடக்காகக் கொடுத்தேன். இப்போதெல்லாம் நோயாளியின் மருந்து அத்தனையும் நோயாளி படுக்கும் அறையில்தான். மற்றவர்கள் துணிமணியை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

மகளை எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு பால்கனிக் கதவோரம் உட்கார்ந்தாள். "பாட்டியை எங்கேயாவது கொண்டுபோயிடுவாங்களா?" என்று ஒரே கேள்வி. கொண்டுபோனால் நானும் கூடப் போவேன், நீ அப்பாவோடு இருப்பாய் என்றேன். பிள்ளைகளுக்கு "ஒன்றும் இல்லை" என்று சொல்வதைவிட, அடுத்து என்ன நடக்கும் என்று சொன்னால்தான் அமைதியாகிறார்கள். இதைப் புறப்படும் முன்னரே வீட்டில் பேசியிருந்தோம்: யாருக்கு முடியாமல் போனாலும் அம்மாவோடு நான், பிள்ளைகளோடு அவர். அந்த நேரத்தில் விவாதம் இல்லாமல் போனது அதனால்தான்.

நாலரை மணிக்குப் போன் வந்தது. தொற்று இல்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா கேட்டது, "மாப்பிள்ளைக்குச் சொல்லிட்டியா?"

கப்பல் திரும்பவில்லை. மற்றவர்களை வெளியே விட்டார்கள். அம்மா மட்டும் பேதி நின்று ஒரு முழுநாள் ஆகும்வரை அறையிலேயே இருக்க வேண்டும் என்றார்கள், கொவிட் இல்லாவிட்டாலும் வேறு வயிற்றுக் கிருமி மற்றவருக்குப் போகக் கூடாது என்று. கழிவறையைக் குளோரின் கலந்த நீரில் துடைத்துவிட்டுப் போனார்கள். கஞ்சி கேட்டேன். சீனக் கஞ்சி வந்தது, உப்பில்லாமல். நான் கொண்டுபோயிருந்த நாரத்தங்காய் ஊறுகாயில் ஒரு துண்டைத் தொட்டுக்கொண்டு அரைக் கிண்ணம் சாப்பிட்டார். அன்று முழுக்க நாங்கள் இரண்டு பேரும் பால்கனியை விட்டு நகரவில்லை. மலாக்கா நீரிணையில் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணெய்க் கப்பலும் கொள்கலன் கப்பலும் கடந்துபோயின. மேலே நீச்சல் குளம், நாடகம், பாட்டு எல்லாம் நடந்தது. எங்களுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ரஜூலாவில் மேல்தளத்தில் சமைத்த சாம்பார் வாசனை, பக்கத்துப் பாயில் படுத்திருந்த மாயவரத்துக்காரப் பெண் வாந்தி எடுத்துக்கொண்டே சொன்ன குடும்பக் கதை, பினாங்கில் முதன்முதலாகப் பார்த்த ரம்புத்தான் பழம் என்று அம்மா சொல்லிக்கொண்டே போனார். என் மகள் அதையெல்லாம் தன் பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மருத்துவச் செலவு சில நூறு சிங்கப்பூர் வெள்ளி வந்தது. இறங்கும் முன்பே அறைக் கணக்கில் ஏற்றிவிட்டார்கள். முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகுதான் காப்பீட்டில் கேட்க முடியும். இறங்குவதற்கு முன் வரவேற்பு மேசைக்குப் போய், டாக்டர் அறிக்கை, பரிசோதனை முடிவு, ரசீது மூன்றையும் தாளில் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தபின் கேட்டு வாங்க மாதமாகும் என்று அங்கே இருந்த பெண்ணே சொன்னார். பணம் முழுதாகத் திரும்பி வந்தது. நோயைச் சொல்லிக் கூடுதலாகக் கட்டியது வீண்போகவில்லை.

கரைக்கு வந்த பிறகு 14 நாளுக்கு, பேரப்பிள்ளைகள் உள்ள சொந்தக்காரர் வீடுகளுக்கு நாங்கள் போகவில்லை. யாரும் சொல்லவில்லை, நாங்களாகவே வைத்துக்கொண்டோம். காலையும் மாலையும் ஐந்து பேருக்கும் காய்ச்சல் பார்த்தோம். அம்மாதான் எழுதினார், அதே நோட்டில், சர்க்கரைக்குப் பக்கத்தில் புதிதாகக் கோடு போட்டு.

அந்த நோட்டு தீர்ந்து, புது நோட்டு வாங்கிக் கொடுத்தபோது பழையதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். கப்பல் திரும்பிய நாளின் பக்கத்தைப் பிறகு ஒருநாள் பார்த்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைத்த அதிகாலை அது. நீல மையில் இரண்டே வரி.

"காலை 5.50 – 6.8. பேதி இல்லை.

தீவு தெரிந்தது. அப்பாவை நினைத்துக்கொண்டேன்."